முன்சக்கரத்தின் ஆட்டம்

(பொதுச் சொற்பொழிவொன்றின் அச்சு வடிவம்)



மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பஸ்தர்கள் அதன் என்ஜினைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார்களோ, அதில் பத்தில் ஒரு பங்குகூட, முன்சக்கரங்களைத் தாங்கியும் திருப்பியும் நிற்கிற சிறிய இணைப்புகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும். நஷ்டம் சிறிது நேரமும் சிறிது பணமுமே. டை ராட் எண்ட் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லுகிற, கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் இணைப்பு கழன்றுபோனாலோ வண்டி நிற்பதில்லை. ஓட்டுகிறவருடைய கையில் ஸ்டியரிங் இருக்கும், சக்கரம் மட்டும் அவருக்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். ஆனால் அந்த அபாயம் பெரும்பாலும் ஒரே நாளில் வந்து சேருவதன்று. மாதக்கணக்கில் அது சப்தத்தாலும் ஆட்டத்தாலும் டயரின் தேய்மானத்தாலும் தன் வருகையை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்தறிவது பட்டறைக்காரருக்கு மட்டுமே உரிய ரகசிய வித்தை என்ற எண்ணத்தைப் போக்குவதும், அறிந்த பின் வீட்டிலேயே செய்துகொள்ளத் தக்க வேலை எது, தகாத வேலை எது என்று பிரித்துக் காட்டுவதுமே இன்று நான் எடுத்துக்கொண்ட காரியம்.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போனால் கேட்பவர்கள் கையில் ஒன்றும் நிற்காது. ஆகையால் நம்மில் மிகப் பலருக்குப் பழக்கமான ஒரு வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் குர்கான் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன மாருதி 800 அது. இந்நாட்டில் 25 லட்சத்துக்கும் மேல் விற்பனையான அந்த வண்டி இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் முதலாகத் தம் கையால் ஸ்பானர் பிடித்துப் பழக விரும்புகிறவர்களுக்கு அதைப் போல் ஏற்ற வண்டி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். இதில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன, திரும்புவதும் அவையே, 796 சி.சி. என்ஜினின் பாரம் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பிரேக் போடும்போது வண்டியின் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்ந்து வந்து விழுவதும் அவற்றின் மேல்தான். இத்தனை காரியங்களைச் சுமக்கும் இடத்தில் தேய்மானம் முதலில் தோன்றுவதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

இந்த அமைப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சிறிது சொல்லிவிடுகிறேன். குதிரை வண்டிகளின் காலத்தில் முன் அச்சு முழுவதுமே நடுவில் ஓர் ஆணியின் மேல் திரும்பும். 1817-ஐ ஒட்டி மியூனிக் நகரத்து வண்டிச் சிற்பியான லாங்கன்ஸ்பெர்கர், அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே திரும்பும்படி செய்து, அவ்விரண்டையும் ஒரு தண்டினால் இணைத்தார். அவருடைய பிரதிநிதியாக லண்டனில் 1818-இல் காப்புரிமை பெற்ற ஆக்கர்மன் என்பவரின் பெயரே அந்த யுக்திக்கு நிலைத்துவிட்டது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டியிருப்பதால், உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். சக்கரத்தைத் தாங்கும் முறையிலோ, அமெரிக்கரான மக்பெர்சன் வகுத்த தூண் போன்ற அமைப்பு, 1950-இல் இங்கிலாந்தில் போர்டு நிறுவனம் வெளியிட்ட கான்சல், ஸெபிர் கார்களில் வந்து, பிறகு உலகத்துச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. நம் மாருதியின் முன்புறத்திலும் இருப்பது அதுவே.

அதன் அங்கங்கள் அதிகமில்லை. சக்கரம் சுழலும் பேரிங்கைத் தன்னுள் வைத்திருக்கும் வார்ப்பிரும்பு நக்கிள் ஒன்று. அந்த நக்கிளின் மேற்புறத்தை இரண்டு போல்ட்டுகளால் பற்றி நிற்பது ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த அந்தத் தூண், மேலே பானெட்டைத் திறந்தால் தெரியும் ரப்பர் மவுண்டில் போய் முடிகிறது. நக்கிளின் அடிப்பக்கத்தை வண்டியின் உடலோடு இணைப்பது லோயர் ஆர்ம். அதன் உள்முனையில் ரப்பர் புஷ், வெளிமுனையில் பால் ஜாயிண்ட். முன்னும் பின்னும் அந்த ஆர்ம் நகராமல் இழுத்துப் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பாரின் முனை. இருபுறமும் ரப்பர் புஷ்களுக்கு நடுவே அது ஆர்மினூடே நுழைந்திருக்கிறது. கடைசியாக, ஸ்டியரிங்கின் கீழே, அதைத் திருப்பும்போது இடமும் வலமுமாக நகரும் ரேக், அதன் இரு முனைகளிலிருந்தும் நக்கிளுக்கு வரும் டை ராட்கள், அவற்றின் நுனியில் டை ராட் எண்ட்.

இவற்றில் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இரண்டும் ஒரே ஜாதி. நம் தோள்மூட்டில் எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழியில் பொருந்திச் சுழலுவதைப் போல, கடினமாக்கப்பட்ட எஃகுக் குண்டு ஒன்று கிண்ணத்துக்குள் கிரீஸில் மிதந்தபடி எப்பக்கமும் அசைந்துகொடுக்கிறது. அதன் ஆயுள் முழுவதும் வெளியே மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பொறுத்தது. பூட் என்கிற அந்த உறை கிழிந்த நாளிலிருந்து மழைநீரும் தெருமணலும் உள்ளே புகுந்து, கிரீஸோடு கலந்து, சாணைக்கல் பொடியாகிக் குண்டை அரிக்கத் தொடங்குகின்றன. விலையில் அற்பமான ரப்பர்த் துண்டு. அதை மதியாததால் வரும் செலவு அற்பமானதன்று.

ரப்பர் புஷ்ஷின் ஸ்வபாவம் வேறு. லோயர் ஆர்மின் உள்முனைப் புஷ் தன் உறைக்குள் வழுக்கிச் சுழலுவதில்லை. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பரே முறுக்கிக்கொடுத்து, மறுபடியும் நிமிர்ந்துகொள்கிறது. இதை அறியாதவர்கள் சப்தம் வருகிறது என்று அதன்மேல் என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். சில நாள் சப்தம் அடங்கும். பிறகு ரப்பர் ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். இதே ஸ்வபாவத்திலிருந்து பிறக்கும் இன்னொரு முக்கியமான விதியைப் பின்னால் சொல்லுகிறேன்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். "முன்னாடி லொடலொடன்னு சத்தம் வருதுப்பா" என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் மொத்தமா மாத்திடலாம் சார்" என்று பதில் வருவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மொத்தமாக மாற்றினால் நோயும் அதில் எங்காவது போய்விடும் என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் எது கெட்டது என்று தெரியாமலே நல்லதும் கெட்டதும் குப்பைக்குப் போகின்றன. சில சமயம் எல்லாம் மாற்றிய பிறகும் சப்தம் போகாமல் இருக்கிறது. காரணத்தை நிச்சயித்த பிறகே பாகத்தைத் தொட வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்லுகிறேன். நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் ஒன்றுக்கு ஒன்று காரணமா என்று நிச்சயிப்பதற்கு அன்வயம், வியதிரேகம் என்று இரண்டு வழிகளை வகுத்தார்கள்: இது இருந்தால் அது இருக்கிறதா, இது இல்லாதபோது அது இல்லாமல் போகிறதா என்று இரு பக்கமும் சோதிக்கும் முறை அது. ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியின் பக்கத்தில் அந்த முறையைப் போல் உதவுவது வேறொன்றுமில்லை.

முதலில் செலவில்லாத காரணங்களை விலக்கிவிட வேண்டும். டயர்களில் காற்று இருபுறமும் சமமாக இருக்கிறதா, வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்துபோய்ச் சமநிலை கெட்டிருக்கிறதா, ஏதாவது குழியில் இறங்கி ரிம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஸ்டியரிங் வேலைக்கு வந்த வண்டிகளில், ஒரு டயரில் காற்றுக் குறைவு என்பதைத் தவிர வேறு குற்றமே இல்லாதவை உண்டு.

அதன் பிறகு டயரின் முகத்தைப் படியுங்கள். உள்ளங்கையைப் பட்டையின் குறுக்கே, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு பக்கமாக ஓட்டும்போது வழவழப்பாகவும், மறுபக்கம் ஓட்டும்போது ரம்பப் பல்போல் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக ஓடவில்லை, பக்கவாட்டில் சிறிது சிறிதாக இழுபட்டுக்கொண்டே போகின்றன என்று பொருள். உட்புற ஓரமோ வெளிப்புற ஓரமோ மட்டும் மழுங்கியிருந்தால் சக்கரத்தின் சாய்விலும் சந்தேகம் கொள்ள வேண்டும். பட்டையில் இடைவிட்டு இடைவிட்டுப் பள்ளம் விழுந்திருந்தால், ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்யாததால் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளிக்கொண்டு ஓடுகிறது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓடிய தூரம் முழுவதற்கும் டயர் ஒரு சாட்சி. அதை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சப்தங்களுக்கும் லட்சணம் உண்டு. சிறு சிறு மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது லொடலொடவென்று கேட்பது பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் புஷ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். பிரேக்கைத் தொட்ட கணத்தில் ஒருமுறையும், விட்டுக் கிளம்பும்போது ஒருமுறையும் 'டொக்' என்று கேட்டால், லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கிறது. ஸ்டெபிலைசர் பார் முனையின் புஷ்ஷை முதலில் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி 'டொய்ங்' என்று விடுபடும் ஒலி ஸ்ட்ரட்டின் மேல்மவுண்ட் பேரிங் சிக்கிக்கொண்டதன் அடையாளம். வேகத்தோடு கூடவே உயரும் 'ஊ' என்ற ரீங்காரம், வளைவில் ஒரு பக்கம் அதிகரித்து மறுபக்கம் குறைந்தால் அது வீல் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கேட்கும் 'கடக் கடக்', என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட்டைச் சேர்ந்தது. ஸ்டியரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டியைத் தூக்குமுன் ஒரு வார்த்தை. ஜாக்கி என்பது தூக்குவதற்கான உபகரணமே தவிர, தாங்குவதற்கானது அன்று. சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, பிறகு தூக்கி, உடனே இரும்பு ஸ்டாண்டின் மேல் பாரத்தை இறக்கிவிட வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள்; எல்லாம் தவறிப்போனாலும் அது ஓர் உயிரைக் காக்கும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதை நான் பல இடங்களில் பார்க்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லாதவர் இந்த வேலையை ஒத்திப்போட வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

சக்கரம் தரையைவிட்டு எழும்பியபின், கடிகாரத்தின் 12-க்கும் 6-க்கும் நேராக மேலும் கீழும் கையை வைத்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்கிலிருந்தும் வரலாம், பால் ஜாயிண்டிலிருந்தும் வரலாம். இங்கேதான் நான் சொன்ன வியதிரேகம் பயன்படுகிறது. ஒரு பழைய கைத்தேர்ச்சிக்காரர் இதைச் செய்வதை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். சக்கரத்தை அசைத்தபடியே அவர் உள்ளே உட்கார்ந்திருந்த பையனிடம், "தம்பி, பிரேக்கை மிதி" என்றார். "மிதிச்சிட்டேண்ணே." அசைத்தார், ஆட்டம் போய்விட்டிருந்தது. "விடு." ஆட்டம் திரும்பி வந்தது. பிரேக்கை மிதித்ததும் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகக் கட்டுண்டுவிடுவதால், அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் மறைகிறது. மிதித்த பிறகும் ஆட்டம் மறையாமல் இருந்திருந்தால் குற்றம் நக்கிளுக்கு அப்பால், பால் ஜாயிண்டிலோ ஸ்ட்ரட்டிலோ இருக்கும். அரை நிமிஷப் பரீட்சை அது. அதைச் செய்யாமல் பால் ஜாயிண்டை மாற்றியிருந்தால் அவ்வளவு பணமும் வீண்.

பிறகு 9-க்கும் 3-க்கும் நேராகப் பிடித்து அசைக்க வேண்டும். 12-6-இல் ஆட்டமின்றி 9-3-இல் மட்டும் ஆட்டமிருந்தால் டை ராட் எண்டும் ரேக்கின் உள்மூட்டும் சந்தேகத்துக்குரியவை. ஒருவர் அசைக்க, மற்றவர் டை ராட் எண்டின் மேல் விரலை வைத்திருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை விரல்நுனி கண்டுகொள்ளும். அங்கே ஒன்றுமில்லையானால் ரேக்கின் மடிப்பு ரப்பரை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்து, உள்ளேயிருக்கும் மூட்டு இடிக்கிறதா என்று உணர வேண்டும். பால் ஜாயிண்டுக்கோ, டயரின் அடியில் ஒரு நெம்பு கம்பியைக் கொடுத்துச் சக்கரத்தை மேலே நெம்பச் சொல்லி, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் இடைவெளி திறந்து மூடுகிறதா என்று கவனிப்பதே நல்ல முறை.

தொங்கும் சக்கரத்தில் ஒளிந்துகொள்ளும் ஆட்டங்களும் உண்டு. ஆகவே வண்டியைக் கீழே இறக்கி, நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டிருக்கட்டும். மற்றவர் குனிந்து, ஸ்டியரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்டிலிருந்து தொடங்கி, ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப், டை ராட், டை ராட் எண்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரட்டும். எந்த இடத்தில் முதல் அங்கம் அசைந்தும் அடுத்தது சற்றுத் தாமதித்து அசைகிறதோ, அந்த இடமே குற்றவாளி. ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, வண்டியின் முன்மூலையை அமுக்கிவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். அதற்குமேல் ஊசலாடினாலோ, அதன் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ அதன் காலம் முடிந்தது.

இனி மாற்றும் வேலை. வீட்டில் செய்யத் தக்கவற்றில் முதலிடம் டை ராட் எண்டுக்குத்தான். ஆகையால் அதை விஸ்தாரமாகச் சொல்லுகிறேன். கம்பி பிரஷ்ஷால் மரைகளைச் சுத்தம் செய்து, துருவை இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டுவைப்பது நல்லது. நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்ட நட்டுகள் இந்த மரியாதையைச் செய்யாமல் இளகுவதில்லை. முதலில் டை ராட்டின் மேலுள்ள லாக் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, அது நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நட்டு தளராமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவிவிட்டு, தலையில் பள்ளங்கள் வெட்டிய கேஸில் நட்டை முற்றும் கழற்றாமல், அதன் முகம் மரையின் நுனியோடு சமமாக வரும்வரை தளர்த்துங்கள். அடுத்தது ஜாயிண்டின் தண்டை நக்கிளின் கண்ணிலிருந்து விடுவிப்பது. அந்தத் தண்டு மேல்நோக்கிச் சிறுத்துச் செல்லும் கூம்பு வடிவம்; இறுக்க இறுக்கக் கண்ணைக் கவ்விக்கொள்வது அதன் குணம். இழுத்தால் வராது. மரையின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடிப்பவர்கள் மரையை நசுக்கிவிட்டு, நட்டும் வராமல் தண்டும் வராமல் தவிக்கிறார்கள். தண்டை விடுவிப்பதற்கென்றே உள்ள புல்லர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையானால், நக்கிளின் கண்ணுக்கு ஒரு பக்கத்தில் கனமான சுத்தியல் ஒன்றை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுத்தியலால் சுருக்கென்று ஓர் அடி அடித்தால், கண் ஒரு கணம் நெளிந்து கூம்பு தானே விடுபட்டு 'டப்' என்று கீழே இறங்கும். நட்டை முழுவதும் கழற்றாமல் வைத்தது அப்போது தண்டு தெறித்து விழாமல் தடுப்பதற்காகவே.

பழைய எண்டை டை ராட்டிலிருந்து திருகி எடுக்கும்போது எத்தனை சுற்றில் வெளிவந்தது என்பதை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்; புதியது அத்தனை சுற்றே உள்ளே போக வேண்டும். கூம்பும் கண்ணும் உலர்ந்து சுத்தமாக இருக்கட்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. கேஸில் நட்டைக் கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு, காட்டர் பின் நுழையும் துவாரம் நட்டின் பள்ளத்துக்கு நேராக வரவில்லையானால், இன்னும் சிறிது இறுக்கி நேர்படுத்த வேண்டும். தளர்த்தி நேர்படுத்துவது ஒருபோதும் கூடாது. காட்டர் பின் புதியதாகவே இருக்க வேண்டும். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் மறுபடி வளையும்போது உடையத் தயாராக இருக்கிறது.

லோயர் ஆர்மும் வீட்டில் மாற்றக்கூடியதே. இந்த வண்டியில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. ஜாயிண்டின் தண்டை நக்கிளில் பிடித்திருக்கும் குறுக்கு போல்ட், தண்டின் இடுப்பிலுள்ள பள்ளத்தின் வழியே செல்லுவதால், அந்த போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவிய பின்னரே தண்டு இறங்கும். ஸ்டெபிலைசர் முனையில் வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில், எந்த முகம் எப்பக்கமாக இருந்தன என்பதைக் கழற்றும்போதே வரைந்துகொள்ளுங்கள். ரப்பர் புஷ்ஷைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன் என்று முன்பு குறிப்பிட்ட விதி இங்கே வருகிறது: ஆர்மின் உள்முனை போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக இறுக்கிவிடாதீர்கள். அந்த நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு நின்று, சில மாதங்களில் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தன் பாரத்தோடு தரையில் நிற்கவைத்து, ஓரிரு முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். புது புஷ் அல்பாயுசில் போய்விட்டது என்று உதிரிப்பாகக் கடைக்காரரைக் குறைகூறுகிறவர்களில் பலர் இந்த ஒரு விதியைத் தவறவிட்டவர்களே.

ஸ்ட்ரட்டைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நக்கிளிலிருந்து இரண்டு போல்ட்டுகளையும், பிரேக் ஹோஸின் கிளிப்பையும், மேலே மவுண்டின் நட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் முழுவதும் கையோடு வந்துவிடும். அதுவரை வீட்டில் செய்யலாம். நக்கிளைக் கம்பியால் கட்டித் தாங்கிவைக்க மறக்கக் கூடாது. பிரேக் ஹோஸின் மேல் அது தொங்கினால் ஹோஸ் கெடும். ஆனால் ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் அந்த ஒற்றை நட்டை மட்டும், ஸ்பிரிங்கை அதற்குரிய கம்ப்ரெஸரால் இருபுறமும் சமமாக அமுக்கிக் கட்டாமல், எவரும் தொடக் கூடாது. வண்டியின் மூலையொன்றைச் சுமக்கும் சக்தி அந்தச் சுருளுக்குள் அடைபட்டிருக்கிறது. நட்டு கழன்ற கணத்தில் அது முழுவதும் எதிரிலிருப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். கயிற்றாலும் கம்பியாலும் ஸ்பிரிங்கைக் கட்டிவைத்துச் செய்கிற துணிச்சல் பிராணாபாயம். நல்ல கம்ப்ரெஸரும், கூட இருந்து சொல்லித்தருகிற அநுபவஸ்தரும் இல்லாதவர், கழற்றிய ஸ்ட்ரட்டைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று அந்த ஒரு வேலையை மட்டும் கூலி கொடுத்துச் செய்துகொள்ளட்டும். அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

எதை ஜோடியாக மாற்றுவது என்று பலர் கேட்கிறார்கள். ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் பிரேக் பிடிக்கையில் வண்டி நிலை தவறும். டை ராட் எண்டுக்கும் பால் ஜாயிண்டுக்கும் அந்த நிர்ப்பந்தமில்லை. மறுபக்கத்தையும் அதே கவனத்தோடு பரீட்சித்துப் பார்த்து, நன்றாயிருந்தால் விட்டுவிடலாம். வாங்குகிற பாகத்தைப் பற்றிச் சிக்கனம் வேண்டாம். சென்னையில் ராணே மதராஸ் போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாக ஸ்டியரிங் இணைப்புகளைச் செய்து வருகின்றன. முத்திரையும் பெட்டியும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுப் பாகம் வாங்கலாம்; புதுப்பேட்டையில் பழைய கதவும் கண்ணாடியும் வாங்கலாம்; பழைய பால் ஜாயிண்டை மட்டும் எந்தப் பேட்டையிலும் வாங்கக் கூடாது. அம்பாஸடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உத்தர்பாராவில் செய்யப்பட்ட அந்த வண்டியிலும் ரேக் ஸ்டியரிங்தான், ஆனால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குத் தண்டு, கழற்றும் முறை முற்றிலும் வேறு, பரீட்சை முறை ஏறக்குறைய இதுவே.

வேலை முடிந்தபின் சக்கரங்களின் நேர்நிலை மாறியிருக்கும். அலைன்மெண்ட் கடைக்குப் போகிறவரையில் வண்டியைச் செலுத்தத் தக்க அளவுக்கு அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, ஓர் ஆணியை அசையாமல் பிடித்து, இரு டயர்களின் பட்டையிலும் சுற்றிலும் மெல்லிய கோடு கீறிக்கொள்ளுங்கள். வண்டியை இறக்கி, சிறிது தூரம் முன்னால் தள்ளி நிலைகொள்ளச் செய்து, சக்கர மையத்தின் உயரத்தில் முன்புறம் இரு கோடுகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, அளந்த இடத்தைச் சாக்பீஸால் குறியிடுங்கள். குறி பின்புறம் வரும்படி வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளி, அதே இடத்தில் மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும். டயரின் கோணல் கணக்கில் நுழையாமலிருக்கவே அதே குறியில் அளக்கச் சொல்லுகிறேன். டை ராட் சக்கர மையத்துக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், அதை நீட்டினால் சக்கரங்களின் முன்புறம் நெருங்கும், சுருக்கினால் விலகும். இரு பக்கமும் சமமாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கி, அன்றே நிதானமாக ஓட்டிச் சென்று கருவியில் பார்த்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை ரெஞ்சால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம்.

நண்பர்களே, மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வண்டியின் முன்சக்கரங்களை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்து, கையில் ஒரு டார்ச்சோடு குனிந்து, இருபுறத்து டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், ரேக் ஆகியவற்றின் ரப்பர் உறைகளைப் பாருங்கள். கிழிந்திருந்தால் ஆட்டம் தெரிகிறதோ இல்லையோ, ஜாயிண்டை உடனே பரீட்சை செய்யுங்கள். கேஸில் நட்டில் காட்டர் பின் இல்லையென்றால், அதைப் போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.